வாக்குச்சீட்டில் இருப்பவர் விவாத மேடையில் ஏன் இல்லை?

ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சிகளின் செய்திப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

2024 அக்டோபரில் ஒரு மாலை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் விரித்துக் கிடந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று என் மகளுடையது. அவளுக்கு அது முதல் வாக்கு. நியூ ஜெர்சியில் தபால் வாக்குக்குப் பதிவு செய்துவிட்டால் சீட்டு வீடு தேடி வந்துவிடும். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, அதிபர் பதவிக்கான பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். கமலா ஹாரிஸ், டொனால்ட் டிரம்ப். விரல் அங்கே நிற்கவில்லை. ஜில் ஸ்டைன், சேஸ் ஆலிவர், இன்னும் சில பெயர்கள். "அம்மா, இவர்களெல்லாம் யார்? இவர்கள் பேசி ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே" என்றாள்.

நானும் கேட்டதில்லை. ஸ்டைன் பசுமைக் கட்சி, ஆலிவர் லிபர்டேரியன் கட்சி என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் நடத்திய விவாதத்தையும், செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் ஏபிசி நடத்திய விவாதத்தையும் நாங்கள் இருவரும் முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருந்தோம். முதல் விவாதத்தை ஏறத்தாழ 5 கோடிப் பேர் பார்த்தார்கள், இரண்டாவதை 6 கோடிக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேருக்கும் காட்டப்பட்டது இரண்டு மேடைப் பெட்டிகள், இரண்டு ஒலிவாங்கிகள்.

இந்த மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எடிசனிலும் டாலஸிலும் ஃப்ரீமாண்டிலும் வாக்குரிமையோடு வாழும் என் மொழிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, உங்களிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முன்பு இந்தக் கேள்வியை அதிபர் விவாத ஆணையத்திடம்தான் கேட்க வேண்டியிருந்தது. 1987-ல் அதை உருவாக்கியவர்கள் அப்போது இரு பெரும் கட்சிகளின் தேசியத் தலைவர்களாக இருந்த ஃபிராங்க் ஃபாரன்காஃபும் பால் கர்க்கும். 1988 முதல் 2020 வரை ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் மேடை அந்த ஆணையத்தின் கையில் இருந்தது. 2022 ஏப்ரலில் குடியரசுக் கட்சி அதிலிருந்து விலகியது. 2024 மே மாதம் பைடன் தரப்பும் ஆணையத்தை ஒதுக்கிவிட்டு நேரடியாக உங்களிடம் வந்தது. இனி வாயிற்காவலர்கள் நீங்கள்தான். நீங்கள் இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் 2028-ல் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற விதியை எழுதப்போகிறவர்கள் நீங்கள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

ஆணையம் 2000-ம் ஆண்டுத் தேர்தலுக்காக ஒரு விதியைக் கொண்டுவந்தது. 5 தேசியக் கருத்துக்கணிப்புகளின் சராசரியில் 15 சதவீதம் இருந்தால்தான் மேடை. 2024-ல் சிஎன்என் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டது. 4 கணிப்புகளில் 15 சதவீதம் வேண்டும், அதிபராக வெல்லத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளை எட்டும் அளவுக்கு மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயரும் வேண்டும் என்றது. சுயேச்சையாக நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியருக்கு மூன்று கணிப்புகள் இருந்தன, நான்காவது இல்லை. நான் அவருடைய ஆதரவாளர் அல்ல. தடுப்பூசிகள் குறித்து அவர் சொல்வதை ஏற்காதவள். அப்படிச் சொல்கிறவரை, நெறியாளர் ஒருவர் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அன்றிரவு அவர் லாஸ் ஏஞ்சலிஸில் தனியாக ஒரு மேடை போட்டு, உங்கள் நெறியாளர்கள் அட்லாண்டாவில் கேட்ட கேள்விகளுக்குத் தன் பதிலைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே மடக்கிக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

15 சதவீத விதியில் எங்கே கோளாறு என்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழமொழி ஒன்று சொல்லும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். மக்கள் ஒருவரை அறிந்தால்தான் கணிப்பில் அவர் பெயரைச் சொல்வார்கள். கணிப்பில் பெயர் வந்தால்தான் மேடை. மேடை ஏறினால்தான் மக்கள் அறிவார்கள். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பல கணிப்புகள் இரண்டு பெயர்களை மட்டும் சொல்லி, இவரா அவரா என்று கேட்கின்றன. கேட்கப்படாத பெயரை யார் சொல்வார்கள்? 2016-ல் ஆணையம் கணக்கில் எடுத்த 5 கணிப்புகளையும் பாருங்கள். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் ஆகிய உங்கள் பெயர்கள்தான் ஒவ்வொன்றிலும் இருந்தன. தேர்வுத் தாளைத் தயாரிப்பவர், திருத்துபவர், தேர்ச்சி மதிப்பெண்ணை முடிவு செய்பவர் எல்லாரும் ஒருவரே என்றால், வெளியே நிற்கும் மாணவர் எங்கே போய் முறையிடுவார்?

இந்த விதி 1992-ல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போட்டியிலிருந்து விலகியிருந்த சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, அக்டோபர் 1 அன்று மீண்டும் வந்தபோது கணிப்புகளில் அவருக்கு 10 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் அழைத்தார்கள். அக்டோபர் 11, 15, 19 என்று 9 நாட்களுக்குள் மூன்று விவாதங்கள். புஷ்ஷும் கிளிண்டனும் நிற்கும் மேடையில் மூன்றாவதாக ஒரு குள்ளமான டெக்சஸ் வியாபாரி. ஆட்சி அனுபவம் இல்லாதவர் என்ற குறையை முதல் விவாதத்திலேயே அவர் திருப்பிப் போட்டார். 4 லட்சம் கோடி டாலர் கடனை ஏற்றிவைத்த அனுபவம் தனக்கு இல்லை என்பது உண்மைதான் என்றார். அரங்கம் சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்போடு, நாட்டின் கடன் என்பது அந்தத் தேர்தலில் யாரும் தாண்டிப் போக முடியாத பேச்சாகிவிட்டது. நவம்பரில் அவருக்கு 18.9 சதவீதம். ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம் பேர் அவருக்கு வாக்களித்தார்கள். ஒரு மாநிலத்தையும் அவர் வெல்லவில்லை. ஆனால் அவர் வந்திராவிட்டால் அந்த மூன்று இரவுகளில் அந்தக் கணக்கை எடுத்து முன்னால் வைத்திருக்க யாரும் இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே பெரோவை வெளியே நிறுத்தினார்கள். முந்தைய தேர்தலில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கட்சிக்கோ வேட்பாளருக்கோ அரசு நிதி உண்டு என்பது சட்டம். அதன்படி 1996-ல் அவருக்கு ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டாலர் பொதுப்பணம் கிடைத்தது. வரி கட்டும் மக்களின் காசைக் கொடுக்கத் தகுதியானவர், அதே மக்களின் முன்னால் பேசத் தகுதியற்றவர் ஆனார். வெல்லும் வாய்ப்பு இல்லை என்பது ஆணையம் சொன்ன காரணம். வெல்லும் வாய்ப்பை வாக்குப்பதிவுக்கு முன்பே ஒரு குழு முடிவு செய்வதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. 1998-ல் மினசோட்டாவின் ஆளுநர் தேர்தலில் ஜெஸ்ஸி வென்சுரா கணிப்புகளில் 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தார். அங்கே அவரை விவாதங்களில் சேர்த்துக்கொண்டார்கள். 37 சதவீதம் வாங்கி ஆளுநரானார்.

கதவுக்கு வெளியே நடந்தவற்றை நீங்களே படம் பிடித்து வைத்திருப்பீர்கள். 2000 அக்டோபர் 3 அன்று பாஸ்டனில், பசுமைக் கட்சி வேட்பாளர் ரால்ஃப் நேடரிடம் டிக்கெட் இருந்தது. மேடைக்கு அல்ல, பக்கத்துக் கட்டடத்தில் திரையில் விவாதத்தைப் பார்ப்பதற்கான டிக்கெட். அதற்குக்கூட விடாமல் போலீசாரை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார், பிறகு ஆணையம் அவருடன் சமரசம் செய்துகொண்டது. 2004-ல் செயின்ட் லூயிஸில் மைக்கேல் பாட்நாரிக், டேவிட் காப் ஆகிய இரண்டு வேட்பாளர்களும் போலீஸ் வளையத்தைத் தாண்டியதற்காகக் கைதானார்கள். 2012 அக்டோபர் 16 அன்று ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழக வாசலில் ஜில் ஸ்டைனையும் அவருடைய துணை அதிபர் வேட்பாளர் ஷெரி ஹான்கலாவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ 8 மணி நேரம் ஒரு கிடங்கில் நாற்காலியோடு சேர்த்து விலங்கு மாட்டி உட்கார வைத்திருந்ததாக அவர்கள் சொன்னார்கள். 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகியிருந்த ஒரு வேட்பாளர், நாட்டின் இன்னும் இரண்டு வேட்பாளர்கள் விவாதித்து முடித்து வீட்டுக்குப் போகும்வரை விலங்கோடு இருந்தார். அந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் அறிவேன். 1934-ம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தில் எல்லா வேட்பாளர்களுக்கும் சம வாய்ப்பு என்ற பிரிவு உண்டு. 1960-ல் கென்னடியும் நிக்சனும் மோதுவதற்காக நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு மூன்று தேர்தல்களில் விவாதமே இல்லை. 1975-ல், பிறர் நடத்தும் விவாதத்தைச் செய்தி நிகழ்ச்சியாகக் கருதலாம் என்று ஒரு விலக்கு கிடைத்தது. 1983-ல் ஒளிபரப்பாளர்களே விவாதத்தை நடத்தவும் அனுமதி வந்தது. 1998-ல் ஆர்கன்சாவின் ரால்ஃப் ஃபோர்ப்ஸ் என்ற சுயேச்சை வேட்பாளரின் வழக்கில், பொதுத் தொலைக்காட்சிகூட ஒருவரை விலக்கி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 15 சதவீத விதியை எதிர்த்த வழக்கு வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2020-ல் தோற்றது. ஆக, நீதிமன்றம் உங்களை அசைக்காது. விலக்கு உங்களுக்குக் கிடைத்திருப்பது நீங்கள் செய்தியாளர்கள் என்பதற்காக. அதனால்தான் செய்தியாளர்களிடம் கேட்கிறேன்.

விலகத் தெரிந்த அமைப்பும் ஒன்று இருந்தது. 1976 முதல் மகளிர் வாக்காளர் கழகம்தான் இந்த விவாதங்களை நடத்தியது. அவர்களும் குறையற்றவர்கள் அல்லர். 15 சதவீதம் என்ற அளவுகோலை 1980-ல் முதலில் வைத்ததே அவர்கள்தான். ஆனால் சுயேச்சையாக நின்ற ஜான் ஆண்டர்சன் அந்தக் கோட்டைத் தொட்டபோது அழைத்தார்கள். ஆண்டர்சன் வந்தால் நான் வரமாட்டேன் என்றார் அதிபர் கார்ட்டர். பதவியில் இருக்கும் அதிபரே வராவிட்டாலும் பரவாயில்லை என்று செப்டம்பர் 21 அன்று பால்டிமோரில் ரீகனையும் ஆண்டர்சனையும் வைத்து விவாதத்தை நடத்தினார்கள். 1988-ல் இரு கட்சிகளின் பிரசாரக் குழுக்களும் தங்களுக்குள் பேசி 16 பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, வாக்காளர்களை ஏமாற்றும் வேலைக்கு நாங்கள் உடந்தையாக மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கழகம் வெளியேறியது. 2024-ல் உங்களிடமும் நிபந்தனைகள் வந்தன. இருவர் மட்டுமே என்பது பைடன் தரப்பு எழுதிய கடிதத்திலேயே இருந்தது. அதை ஏற்கிறோமா இல்லையா என்று உங்கள் அறைகளில் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதை நாங்கள் அறிய வழியில்லை. மேடையில் நாங்கள் கண்டது இருவரைத்தான்.

மேடை நெரிசலாகிவிடும், யாரும் எதையும் உருப்படியாகப் பேச முடியாது என்று சொல்வீர்கள். 2015 ஆகஸ்ட் 6 அன்று கிளீவ்லாந்தில் ஃபாக்ஸ் நியூஸ் 10 பேரை ஒரே மேடையில் நிறுத்தியது. 2 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். 2019 ஜூன் மாதம் மயாமியில் என்பிசி இரண்டு இரவுகளில் 20 பேரை நிறுத்தியது. அங்கே நுழைய மூன்று கணிப்புகளில் 1 சதவீதம் போதுமானதாக இருந்தது. ஒரு கட்சிக்குள் நடக்கும் போட்டிக்கு 10 பெட்டிகள் போட இடம் இருந்தது என்றால், நாட்டின் தேர்தலுக்கு 4 பெட்டிகள் போட இடமில்லையா? 270 தேர்வாளர் வாக்குகளுக்குப் போதுமான மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயர் உள்ளவர்கள் என்று மட்டும் விதி வைத்திருந்தால், 2012-லும் 2016-லும் 2020-லும் மேடையில் இருந்திருக்கக்கூடியவர்கள் ஒவ்வொரு முறையும் நான்கு பேர்தான். ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டி, வழக்குகளைச் சந்தித்து அந்த எண்ணிக்கையை எட்டுவது எளிதல்ல. விளையாட்டுக்கு நிற்பவர்கள் அங்கேயே உதிர்ந்துவிடுவார்கள்.

பெரிய வேட்பாளர்கள் வரமாட்டார்கள் என்ற அச்சமும் உங்களுக்கு இருக்கும். 2023 ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் குடியரசுக் கட்சியின் முதல் விவாதத்துக்கு டிரம்ப் வரவில்லை. கணிப்புகளில் எட்டாத உயரத்தில் இருந்தவர் அவர். ஃபாக்ஸ் நியூஸ் மற்ற 8 பேரை வைத்து நடத்தியது. நடத்த முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள்.

வாக்கைப் பிரித்துவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டை என் நண்பர்களே சொல்கிறார்கள். 2000-ல் ஃபுளோரிடாவில் வென்ற குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கும் தோற்ற ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 537 வாக்குகள். அங்கே நேடர் வாங்கியது 97,488. அந்த வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நேடர் ஒரு விவாதத்திலும் இல்லை. கதவைச் சாத்தியதால் அந்த வாக்குகள் மறைந்துவிடவில்லை. கோர் அவரை எதிரே வைத்துக்கொண்டு, உங்களுக்குப் போடும் வாக்கு எங்கே போய்ச் சேரும் என்று கோடிக்கணக்கானவர்கள் முன்னால் கேட்கும் வாய்ப்புத்தான் இல்லாமல் போனது.

மூன்றாமவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது பிரான்சில் நடந்த ஒரு இரவை. 2017 ஏப்ரல் 4 அன்று அங்கே 11 வேட்பாளர்களையும் ஒரே அரங்கில் அரைவட்டமாக நிற்க வைத்து, ஏறத்தாழ நான்கு மணி நேரம் விவாதம் நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் பிலிப் புட்டு, ஃபோர்டு கார் ஆலைத் தொழிலாளி. கழுத்துப்பட்டை இல்லை, கோட்டு இல்லை. தீவிர வலதுசாரி வேட்பாளர் மரீன் லெ பென், தன்மீதான விசாரணையில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பைக் காட்டிப் போலீஸ் அழைப்புக்குப் போகாமல் இருந்த சமயம் அது. புட்டு அவரைப் பார்த்து, எங்களைப் போலீஸ் கூப்பிட்டால் தொழிலாளிப் பாதுகாப்பு என்று ஒன்றும் எங்களுக்குக் கிடையாது, நாங்கள் போகிறோம் என்றார். அரங்கம் கைதட்டியது. லெ பென்னிடம் சட்டென்று பதில் இல்லை. புட்டுவுக்குக் கிடைத்தது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்கு. ஆனால் அந்தக் கேள்வியை, இழப்பதற்கு ஏதுமற்ற அவரைத் தவிர அந்த மேடையில் யார் அப்படிக் கேட்டிருப்பார்கள்?

நான் திண்டுக்கல்லில் வளர்ந்தவள். தேர்தல் வந்துவிட்டால் எங்கள் வீட்டு வானொலியில் கட்சித் தலைவர்கள் பேசுவார்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு வானொலியில் இலவச நேரம் தரும் வழக்கம் இந்தியாவில் 1977-ல் தொடங்கியது. தாத்தா, தான் ஒரு நாளும் வாக்களிக்காத கட்சியின் தலைவர் பேசும்போதும் நிலையத்தை மாற்ற விடமாட்டார். "என்னதான் சொல்கிறார், கேட்போமே" என்பார். அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்த 100 கேள்விகளில் ஒன்று, இந்த நாட்டின் இரண்டு பெரிய கட்சிகள் எவை என்பது. பதில் சொன்னேன், தேர்ச்சி பெற்றேன். அதே நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

நான் கேட்பது இதுதான். 2028-ன் முதல் விவாதத்துக்கு, 270 தேர்வாளர் வாக்குகளுக்குரிய மாநிலங்களின் வாக்குச்சீட்டில் இடம்பெற்ற எல்லாரையும் அழையுங்கள். வாக்குச்சீட்டுகள் முடிவாகும் முன்பு ஜூன் மாதத்தில் நடத்தாமல் செப்டம்பரில் நடத்துங்கள். இரண்டாவது விவாதத்துக்குக் கணிப்பை அளவாக வைப்பதானால், நிதிக்குச் சட்டம் ஏற்றிருக்கும் 5 சதவீதத்தை வையுங்கள். எந்தக் கணிப்பை எடுத்தாலும் அதில் எல்லாப் பெயர்களையும் சொல்லிக் கேளுங்கள். விதிகளை 2027-லேயே வெளியிடுங்கள், வேட்பாளர்களின் பிரசாரக் குழுக்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களையும் முழுதாக வெளியிடுங்கள். உங்களில் ஒருவர் தனியாகச் செய்தால் வேட்பாளர்கள் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள் என்பது உண்மை. அதனால்தான் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே மடல் எழுதியிருக்கிறேன். ஒன்றாக உட்கார்ந்து பேசுங்கள்.

என் மகள் அன்று மாலை சீட்டை உடனே நிரப்பவில்லை. தனக்குத் தெரியாத பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அறைக்குள் போனாள். இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் வட்டத்தை நிரப்பினாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தத் தாள் இன்னும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்,
எடிசன், நியூ ஜெர்சி